இரண்டு பர்னருக்கும் ஒரே கல்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. கரண்ட் போனால் பயம். கரண்ட் வந்தால், சுற்றுகிற ஃபேன் கழன்று தலையில் விழுமோ என்று பயம். கூத்தாநல்லூருக்கு நான் மருமகளாக வந்த புதிதில் என் மாமியார் ஜன்னத் பீவி என்னைத் தெருவில் அறிமுகப்படுத்தியதே, "இது சாஜிதா. நம்ம ஹஸ்ஸான் பொஞ்சாதி. பல்லி கத்துனா பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடும்" என்று சொல்லித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், சிரிக்காமல் இருந்தால் மாமி கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில்.

அத்தனை பயங்களுக்கும் தலைமைப் பயம் ஒன்று உண்டென்றால் அது கேஸ் அடுப்புதான். எங்கள் வீட்டு அடுப்பு சாதாரண அடுப்பு இல்லை. என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. மேலே முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. குனிந்தால் முகம் தெரியும். திருச்சியில் இறங்கி வாடகைக் காரில் வந்தவர், பெற்ற பிள்ளையைக்கூட அப்படி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார். அதன் ஓரங்களில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மாமி விடவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம். வாசலில் நிற்கிற காருக்கு சீட் கவரைக் கிழிக்காத ஊர் எங்களுடையது. அடுப்புக்கு மட்டும் வேறு நியாயமா இருக்கும்?

அடுப்பை மாட்டிக் கொடுத்த அன்று அவர் மாமியையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"பர்னரை விட ரொம்ப அகலமா எதையும் இதுல வைக்காதீங்க. கனமாவும் கூடாது. பெரிய கல்லைப் போட்டு மூடிட்டா சூடு மேல போக வழியில்லாம கீழ இறங்கும். கண்ணாடி தாங்காது. கடைக்காரன் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினான்."

நான் அந்தச் சொல்லை அன்றைக்கே விழுங்கி வைத்துக்கொண்டேன். மாமி அப்போது அடுப்பின் கண்ணாடியில் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதனால் அந்த அடுப்பில் டீயும் பாலும் மட்டும்தான். சோறு, ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்பு, ரொட்டி எல்லாம் கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்த விறகடுப்பில். எங்கள் ரொட்டிக் கல்லும் அங்கேதான் கிடக்கும். வார்ப்பு இரும்பு. தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விறகடுப்பில் அதை ஏற்றி வைத்துவிட்டால் மூன்று பக்கமும் இடைவெளியில் தீ வெளியே நாக்கை நீட்டும், கல்லும் காயும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மண் அடுப்புக்கு அந்தக் கல் பொருத்தமான மாப்பிள்ளை.

அந்த வருடம் நோன்பு ஐப்பசி மழையில் வந்தது. என் நாத்தனார் ஆசியாவை அந்த வருடம்தான் முத்துப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணம் முடிந்து வருகிற முதல் நோன்பில் சம்பந்தி வீட்டாரை நோன்பு திறக்க அழைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா, அக்காமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. வெண்ணாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மாமிக்கு ரொட்டி மெத்தென்று இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

அவர்கள் வருகிற நாள் விடிந்து பார்த்தால் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். விறகடுப்பு கரைந்து சேறாகியிருந்தது. குளியலறையும் கொல்லையில்தான் என்பதால், சமையலறைக் கதவிலிருந்து அதுவரைக்கும் செங்கல் போட்டு வைத்தேன். சுற்றிலும் ஆள் உயர மதில். போகவும் வரவும் சமையலறை வழி ஒன்றுதான்.

என் மகள் ஷமாவுக்கு ஏழு வயது. அன்றைக்குத்தான் முதல் நோன்பு பிடித்திருந்தாள். பசி தெரியாமல் இருக்க அந்தச் செங்கல்களின் மேல் தாவித் தாவிப் போவதும் வருவதுமாக இருந்தாள். தண்ணீரில் கால் பட்டால் தோற்றுப்போனதாகக் கணக்கு. அவளாகவே வைத்துக்கொண்ட ஆட்டம். ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

சாயங்கால அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்த மாமி, கொட்டகைக்குள் கிடந்த கல்லைக் காட்டி, "அந்தப் பக்கம் பிடி. உள்ள கொண்டு போவோம்" என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மாமி, இந்தக் கல்லு வேணாம் மாமி. அவங்க அன்னைக்கே சொன்னாங்கல்ல. சின்ன தவாவுல சுட்டுடுறேன். இப்ப ஆரம்பிச்சா பாங்குக்குள்ள முடிஞ்சிடும்."

"ஒண்ணொண்ணா சுட்டு, மொதல்ல சுட்டது வெறைச்சுப் போயி, அதையா சம்பந்திக்கு வைக்கிறது? முத்துப்பேட்டை பூரா சொல்லிச் சிரிக்கவா?"

"கண்ணாடி வெடிச்சிடும்னு..."

"உனக்கு எதுதான் வெடிக்கல? குக்கர் விசிலடிச்சா வெடிக்கும்பே. ரெண்டு அடுப்பு மேலயும் சேத்து வச்சா கனம் ரெண்டுக்கும் சமமாப் போயிடும். பிடிடி."

இரண்டாவது முறை வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தோடு என்னை யாரும் வளர்க்கவில்லை. பிடித்தேன். மாமி மனதில் இருந்தது ரொட்டி மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சம்பந்திப் பெண்கள் உள்ளே வருகிற நேரத்தில் துபாய் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதன் மேல் வரிசையாக ரொட்டி வெந்துகொண்டிருக்க வேண்டும். சும்மா கிடக்கிற அடுப்பைக் காட்டுவதில் என்ன பெருமை?

சமையல் மேடையில் கொல்லைக் கதவை ஒட்டித்தான் அந்த அடுப்பு இருந்தது. இரண்டு பர்னருக்கும் குறுக்கே கல்லை இறக்கினோம். கண்ணாடி முழுக்க மறைந்துபோனது. இரண்டையும் பற்றவைத்ததும் தீ மேலே போக வழி தெரியாமல் கல்லின் அடியில் பரவி, நாலு பக்கமும் தாழ்வாகப் பிதுங்கியது. நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். உரிக்காமல் வைத்திருந்த பிளாஸ்டிக் தாள் சுருங்கிக்கொண்டிருந்தது.

நான் அடுப்பின் திருகைத் திருப்பித் தீயைக் குறைத்தேன். மாமி கூட்டினார். மறுபடி குறைக்கப் போனபோது திருகு விரலைச் சுட்டது. திருகே இப்படிச் சுட்டால் அடியில் போகிற ரப்பர் டியூப் என்ன பாடுபடும் என்று நினைத்தேன். அதன் மறுமுனையில், மேடைக்குக் கீழே, சிலிண்டர். நேற்றுத்தான் மாற்றியது, முழுசு. அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷமா கையில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கப்போடு எங்களைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள்.

"எங்கடி போறே?"

"ஒளு செய்ய. கை கால் முகம் கழுவிட்டு வந்துடுறேன். பாங்கு சொல்லப் போறாங்கல்ல."

"சீக்கிரம் வந்து கூடத்துல உக்காரு. இங்க நிக்கக் கூடாது."

அவள் செங்கல் மேல் தாவினாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த நிமிடத்திலிருந்து என் பயம் சிலிண்டரை விட்டு என் மகளின் மேல் ஏறிக்கொண்டது. அவள் திரும்பி வர வேண்டுமென்றால் இந்த அடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை. அவள் தாண்டுகிற நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? நான் ரொட்டியைத் திருப்பினேன், கதவைப் பார்த்தேன். திருப்பினேன், பார்த்தேன். மழை தகரத்தில் கொட்டியது. "ஷமா, வா சீக்கிரம்" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

முதல் ஈடு ரொட்டி நன்றாகவே வந்தது. மாமியின் முகத்தில் வெற்றி. "பாத்தியா? என்ன வெடிச்சுச்சு?" என்றார். இரண்டாவது ஈட்டில் கல் அளவுக்கு மீறிக் காய்ந்து, தூவிய மாவு கருகிப் புகைந்தது. அப்போதுதான் மாமி, கொல்லை அடுப்பில் ஆயுசு முழுக்கச் செய்ததைச் செய்தார். ஒரு கை தண்ணீரை அள்ளிக் கல்லின் மேல் வீசி, ஈர்க்குச்சி விளக்குமாற்றால் சர்ரென்று கூட்டினார்.

விறகடுப்பில் அந்தத் தண்ணீர் சாம்பலில் விழும். இங்கே அது ஓரத்தில் வழிந்து, காய்ந்த கண்ணாடியின் மேல் இறங்கியது.

"டிக்" என்று ஒரு சத்தம். நகத்தால் சுண்டியது போலத்தான் இருந்தது. மாமிக்குக் கேட்கவில்லை. பயந்தவர்களுக்குக் காது பெரிது. எனக்குக் கேட்டது.

நான் குனிந்தேன். எப்படிக் குனிந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். தலைக்கு மேலே அந்தக் கல், அந்தக் கண்ணாடி, அந்தத் தீ. கால்கள் தெருவாசல் பக்கம் ஓடச் சொல்லின. ஆனால் வாசல் பக்கம் ஷமா இல்லையே. மேடைக்குக் கீழே கையை விட்டு, இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவையில் ரெகுலேட்டரைத் திருப்பி மூடினேன்.

"என்னடி பண்றே, தீ அணைஞ்சுபோச்சே" என்றார் மாமி.

வாயை மூடவில்லை, கண்ணாடி வெடித்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணாடி கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்து சுவரெல்லாம் அடித்தது. "யா அல்லாஹ்" என்று மாமி விளக்குமாற்றோடு கூடத்துக்கு ஓடினார். பிடிமானம் போன பர்னர் ஒரு பக்கம் சாய, கல் மெதுவாக, ஏதோ யோசித்துப் புறப்பட்டது போல மேடை விளிம்பு வரை நகர்ந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்தது. கொல்லை வாசற்படிக்கு நேர் முன்னால், சமையலறைக்குள். சிவப்பு சிமெண்டுத் தரை பிளந்தது.

அதன் பிறகு ஒன்றும் ஆகவில்லை. தீ இல்லை. கேஸ் வாடை இல்லை. நான் எழுந்து என் கை, கால், முகம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஷமா கொல்லை வாசலில் நின்றாள்.

சத்தம் கேட்டுப் பயந்து ஓடி வந்திருக்கிறாள். நனைந்த பாவாடை, வெறுங்கால், கையில் அந்தக் கப்பு. உள்ளே தரை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் மின்னின. அவள் குனிந்து பார்த்தாள். காலில் குத்தும் என்று புரிந்துகொண்டாள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை. துண்டுகளுக்கு நடுவே கால் வைக்கத் தோதாக ஒரே ஓர் இடம் இருந்தது. கறுப்பாக, அகலமாக, வட்டமாக.

காய்ந்த இரும்பு சிவந்திருந்தால் பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள். கல் சிவக்காது. ஆறிக் கிடக்கும்போது என்ன நிறமோ, எரிக்கும்போதும் அதே நிறம்தான். பகலெல்லாம் செங்கல் செங்கலாகத் தாவி ஒருமுறைகூடத் தோற்காத என் மகளுக்கு அது இன்னொரு செங்கல்.

"வராதே" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. பயந்தால் எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கையை ஆட்டினேன். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வலது காலைத் தூக்கினாள்.

என் கையில் தோசைத் திருப்பி இருந்தது. இரும்பு. குனிந்தபோதும் எழுந்தபோதும் அதை நான் விடவே இல்லை போலிருக்கிறது. அதை அவள் மேல் வீசினேன். பக்கத்தில் வீசவில்லை, பயமுறுத்த வீசவில்லை, அவள் மேல் படட்டும் என்றுதான் என் முழுப் பலத்தோடும் வீசினேன்.

நெற்றியில் பட்டது. பிள்ளை பின்னால் சாய்ந்து கொல்லைத் தண்ணீரில் விழுந்தாள். கையிலிருந்த கப்பு நழுவிக் கல்லின் மேல் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு மாமி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது, கையை ஓங்கியபடி நின்ற நானும் நெற்றியில் ரத்தத்தோடு தண்ணீரில் கிடந்த பேத்தியும்.

"அடிப்பாவி, நோன்பு வச்ச பிள்ளையையா இரும்பால அடிச்சே? அடுப்பு போன ஆத்திரத்தை அதுகிட்டயா காட்டுறது?"

 கல்லைக் காட்டினேன். ரோஸ் நிறக் கப்பு அதன் மேல் நிற்க முடியாமல் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. பிறகு உருகிப் பரவிப் புகைந்தது. ஒரு பாதத்தின் அகலத்துக்குப் பரவியது. மாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.  அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்து அவர் பயந்தது அன்றுதான்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஆசியாவின் சிரிப்பும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. யாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கவில்லை.

நான் மூலையில் கிடந்த அரிசிச் சாக்கைக் கண்ணாடியின் மேல் விரித்து, கல்லுக்குப் பக்கத்தில் போகாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு கொல்லைக்கு இறங்கினேன். கல்லின் சூடு முழங்கால் வரை அடித்தது. ஷமா தானாகவே எழுந்து ஒரு செங்கல்லின் மேல் நின்றிருந்தாள். மழை நெற்றி ரத்தத்தைக் கழுவக் கழுவ, மறுபடி வந்தது. அழவில்லை. என் பிள்ளை நடக்கிறாள், நிற்கிறாள், இரண்டு பாதங்களும் முழுசாக இருக்கின்றன என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் அப்போது தெரியவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

"வாடி தங்கம்" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் வைத்து அடுத்த செங்கல்லுக்குப் போனாள். நான் கிட்டே போகப் போக, அதற்கும் அடுத்த செங்கல்லுக்குப் போனாள். முதுகு குளியலறைக் கதவில் முட்டிய பிறகு போக இடமில்லை. ஒரு கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டாள்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் பயந்தவள் நான். என்னைக் கண்டு ஒரு கோழிக்குஞ்சுகூட விலகிப் போனதில்லை.

"அடிக்காதம்மா" என்றாள் ஷமா. "சொன்னபடி கேக்குறேன்."